பெரியக்காவின் மூலிகை விரோதம்

ஆடாதோடையின் கசந்த வாசம் முதலில் வந்தது. பெரியக்கா பிறகு வந்தார்.

மழைக்காலத்து நீதிமன்ற வராந்தா எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நனைந்த குடைகள், நனைந்த கோப்புகள், நனைந்த கட்சிக்காரர்கள். நடுவில் மூன்று நாளாகக் காயாத கறுப்புக் கோட்டோடு நாங்கள். சட்டத்தரணிகள் எல்லாம் சிடுமூஞ்சிகள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கோட்டை ஒரு காலைப்பொழுது போட்டுக்கொண்டு நின்று பாருங்கள், நீங்களும் சிடுசிடுப்பீர்கள்.

பெரியக்கா படியேறி வந்தார். நல்ல சேலை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் ஒரு பெரிய பொலித்தீன் சிலிசிலி பை. பை முழுக்கப் பச்சை இலை. பையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

"என்ன பெரியக்கா இது?" என்றேன்.

"வழக்குக்குத்தாங்க லோயரம்மா. இன்னைக்கு இதத்தான கேப்பாங்க?"

"எதை?"

அதற்குள் உள்ளே முதலியார் எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். நீதிமன்றத்தில் வழக்கைக் கூப்பிடுகிறவருக்கு எங்கள் நாட்டில் முதலியார் என்றுதான் பெயர். அவர் குரல் கேட்டால் சட்டத்தரணிக்குக் கை கால் தானாக நகரும். நான் ஓடினேன். பெரியக்கா பையோடு பின்னால் வந்தார்.

அன்றைக்கு அந்த வழக்கு நிற்குமா, விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியாகுமா என்று தெரியவேண்டிய நாள். தள்ளுபடியானால் பெரியக்காவின் காணிக்குப் பாதை இல்லை. பாதை இல்லாவிட்டால் கல் ஏறாது, மணல் ஏறாது, வீடு எழும்பாது. தோட்டத்து வரிசைவீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே பிள்ளை பெற்ற மனுஷி. சொந்தச் சுவருக்குள் ஒரு ராத்திரியாவது படுத்து எழும்ப வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. இந்த நிலைமையில் இந்த இலைப்பை எங்கிருந்து முளைத்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பந்திக்கு முன்னே

காணி வழக்கு என்றால் எல்லை, வேலி, உறுதிப்பத்திரம், சாட்சி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் 'பூர்வாங்க ஆட்சேபனை' என்று ஒன்று இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகிறீர்கள், இலையில் உட்காரப் போகும் நேரத்தில் ஒருவர் வந்து, "உங்களுக்கு யார் பத்திரிகை வைத்தது?" என்று கேட்டால் எப்படி? அதுதான். சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்ற பேச்சே வராது. இலையைச் சுருட்டிவிடுவார்கள்.

இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, காணியின் எல்லை சரியாக எழுதப்படவில்லை, வழக்குப் போட்டவருக்கு வழக்குப் போட உரிமையே இல்லை. இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லி, ஒரு சாட்சியைக் கூட விசாரிக்காமல் வழக்கைத் திருப்பி அனுப்பப் பார்ப்பது.

அந்தக் கலையில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு மன்னர் இருந்தார். வயதான சிங்களச் சட்டத்தரணி. பரம சாது. பகல் இடைவேளையில் என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து உரிமையோடு ஒரு வடையை எடுப்பார். ஆனால் எழுந்து நின்றாரானால் முதல் வாயில் பூர்வாங்க ஆட்சேபனைதான் வரும். சிங்களத்தில் அதை 'மூலிக விரோததா' என்பார்கள். மூலிக என்றால் அடிப்படை, முதல் என்று அர்த்தம்; விரோததா என்றால் ஆட்சேபனை. அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூலிக மாத்தயா, அதாவது மூலிக ஐயா. அவருக்கும் தெரியும், கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

எஹலியகொட பக்கத்துக் காணி வழக்கு ஒன்று. பழைய உறுதிப்பத்திரம். அதில் வடக்கு எல்லையாக, இன்ன அப்புஹாமி மாடு கட்டும் இடம் என்று எழுதியிருந்தது. மூலிக மாத்தயா எழும்பினார். நீதிபதியைச் சிங்களத்தில் சுவாமினி, 'பிரபுவே' என்றுதான் விளிப்போம். "சுவாமினி, அப்புஹாமி இறந்து வெகுகாலம். மாடும் இறந்துவிட்டது. ஆகவே இந்தக் காணிக்கு வடக்கு என்று ஒன்று கிடையாது" என்றார். நீதிமன்றமே சிரித்தது. சிரித்து முடித்த பிறகு பார்த்தால் அந்த வழக்குத் தள்ளுபடியாகியிருந்தது.

ஆகவே அவர் என் எதிரில் எழும்பினால் நான் வடையை மறந்துவிடுவேன்.

பெயர் என்ற தலைவலி

இன்னொரு பழைய கதையையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இது விளங்காது.

நான் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா எனக்கு வைத்த பெயர் தேவகி. பதிவு செய்தவர் சிங்களவர். தேவகி அவர் காதில் விழவில்லை, தேவிகாதான் விழுந்தது. அவருக்குத் தெரிந்த அழகான பெயர் அது. எழுதிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் தேவகி, நீதிமன்றத்தில் தேவிகா. இரண்டு பேருக்கும் தலைவலி ஒன்றுதான்.

எங்கள் லயத்தில் மூன்று லெட்சுமிகள் இருந்தார்கள். மேட்டு லயத்து லெட்சுமி, தெத்துப்பல் லெட்சுமி, சும்மா லெட்சுமி. சும்மா லெட்சுமிக்கு அடையாள அட்டை வந்தபோது அதில் சரஸ்வதி என்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. "ரெண்டும் சாமிதான" என்றார்.

தோட்டத்தில் ஆளுக்கு ஒரு பெயர் இருக்கும், அட்டையில் ஒரு பெயர் இருக்கும், கூப்பிடும் பெயர் மூன்றாவதாக இருக்கும். எங்களுக்குள் இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. வெளியில் இருந்து யாராவது பேனாவோடு வந்தால்தான் குழப்பம்.

பெரியக்காவுக்கும் அதுதான் நடந்தது. அவர் பெயர் கருப்பாயி. எஹலியகொடைக்கு மேலே ஒரு சின்ன ரப்பர் தோட்டத்தில் முதலில் பால் வெட்டினார். பிறகு பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். விடியற்காலையில் பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அந்தத் தோட்டத்தில் தமிழ்த் தாய்மாரும் வேலை செய்தார்கள், கீழே கிராமத்துச் சிங்களத் தாய்மாரும் வேலை செய்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில்தான் கிடந்தன. எல்லாம் அவரைப் பெரியக்கா என்று கூப்பிட்டன. பிள்ளைகளைப் பார்த்துத் தாய்மாரும் கூப்பிட்டார்கள். கங்காணியும் கூப்பிட்டார். கடைசியில் தோட்டத்துச் சொந்தக்காரரான கிழவரும், தமிழே தெரியாதவர், பெரியக்கா என்றார்.

அந்தக் கிழவர் நல்ல மனுஷன். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கண்ணை மூடுவதற்கு முன், தன் பேரப்பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தவருக்கு என்று மேட்டில் ஒரு துண்டுக் காணியை நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தார். உறுதி எழுதும் நொத்தாரிஸ், "பெறுபவர் பெயர்?" என்று கேட்டார். கிழவர் சொன்னார்: "பெரியக்கா."

அவருக்குத் தெரிந்த பெயர் அதுதான். அது ஒரு முறைப்பெயர் என்பது நொத்தாரிசுக்கும் தெரியாது. பெரியக்காவிடம் அப்போது அடையாள அட்டை கிடையாது. பெருவிரலை மையில் அமுக்கி ஒற்றினார். பால் வெட்டி வெட்டித் தேய்ந்த விரல். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது, அவ்வளவுதான். "பேரு என்ன எழுதினாங்கன்னு நான் எப்புடிங்க பாக்குறது?" என்று பிற்பாடு என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

கேட்

காணி மேட்டில். பாதை கீழே, பெரிய ரோட்டில் ஆரம்பிக்கும். நடுவில் இருந்த துண்டை விமலசிறி வாங்கினார்.

விமலசிறி கிராமத்துக்காரர். லொறி ஓட்டிச் சம்பாதித்து, காணி வாங்கி, கறுவாப்பட்டைக் கன்று நட்டவர். அந்தப் பிள்ளைக்காம்பராப் பாயில் கிடந்த பிள்ளைகளில் அவரும் ஒருவர். தமிழ் பேசினால் அசல் தோட்டத்துத் தமிழ். அளந்து பார்த்த சர்வேயர், பாதை முழுக்க உங்கள் காணிக்குள்தான் வருகிறது என்று சொன்னதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெரியக்காவின் வீட்டு வேலைக்கு லொறி ஏற ஆரம்பித்தால் கறுவாக் கன்றெல்லாம் சக்கரத்தில் போகும். ஆகவே ஓர் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். ஓரத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விட்டார். அந்த அளவுக்கு மனச்சாட்சி இருந்தது.

கொழும்பில் மேசன் வேலை செய்யும் பெரியக்காவின் மகன், லீவு போட்டுத் தானே வீட்டைக் கட்டுகிறேன் என்று வந்திருந்தான். கல்லும் மணலும் ரோட்டோரத் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் கிடந்தன. மணல் மழையில் கரைந்து ரோட்டு வடிகானுக்குள் போனது. சீமெந்தைக் கடைக்காரரின் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு மகன் திரும்பிப் போய்விட்டான்.

பெரியக்கா என்னிடம் வந்தார். நான் பாதை உரிமை வழக்குப் போட்டேன்.

ஒரு விசயத்தை இங்கே கவனிக்க வேண்டும். கேட் போட்ட நாளிலிருந்து விமலசிறி அந்த வழியால் நடப்பதையே விட்டுவிட்டார். ரப்பர் மரங்களுக்குள்ளால் சுற்றிக்கொண்டு போவாராம், அட்டைக் கடியோடு. பெரியக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்னயக் கண்டா கூப்புடாம இருக்க முடியாதுங்க அவனுக்கு. அதான் ஒளியிறான்."

தவணை நாளில் ஒரு சொல்

விமலசிறிக்காக வந்தவர் வேறு யார்? மூலிக மாத்தயாதான்.

அவர் என் கட்சிக்காரியின் உறுதியைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், முகம் மலர்ந்தார். வழக்குப் போட்டவர் கருப்பாயி. காணி எழுதப்பட்டிருப்பது பெரியக்காவுக்கு. பாதை உரிமை என்பது காணிக்காரருக்குத்தான். காணி இல்லாத கருப்பாயி எந்த உரிமையில் பாதை கேட்கிறார்? எழும்பி நின்று, "மூலிக விரோததா" என்றார். நீதிபதி விளக்கத்துக்கு இன்னொரு நாளைத் தவணை போட்டார்.

யாரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று எண்ணிப் பார்த்தேன். உறுதி எழுதிய நொத்தாரிஸ் இறந்துவிட்டார். கிழவரும் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒருவர் மேலே போய்விட்டார், மற்றவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாது. விரலடையாளமோ வெறும் மைப்பொட்டு. இது சாட்சி விசாரித்துத் தீர்க்க வேண்டிய விசயம், முதலிலேயே தள்ள முடியாது என்று நான் வாதாடலாம். வென்றாலும் என்ன? விரலடையாள நிபுணர், அறிக்கை, தவணைக்கு மேல் தவணை என்று வருடங்கள் ஓடும். தோற்றால் அன்றோடு சரி. இரண்டு வழியிலும் சீமெந்து கட்டிலுக்கு அடியிலேயே கல்லாகிவிடும்.

இந்தக் கவலையோடு வெளியே வந்து பெரியக்காவிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகத்தான் பேசுவோம். அது பழக்கம். சொன்னது இதுதான்:

"விமலசிறி பக்கம் மூலிக விரோததா போட்டுட்டாங்க பெரியக்கா. அடுத்த தவணைக்கு அதுக்குத்தான் பதில் சொல்லணும்."

பெரியக்கா "அப்புடியாங்க?" என்றார். "அதுவா விசயம்? அதுக்கு நான் பதில் வச்சிருக்கேங்க."

எனக்கு ஆறுதலாக இருந்தது. என்ன பதில் என்று கேட்க அடுத்த வழக்கு விடவில்லை.

அவர் காதில் விழுந்தது மூலிகை விரோதம். சிங்களக் காதுக்கு இந்த வேடிக்கை விழவே விழாது, மூலிகைக்கு அவர்களிடம் வேறு சொல். தமிழ்க் காதுக்கு வேறு எப்படியும் விழாது. அதுவும் அவருக்கு அது அருமையாகப் பொருந்தியது. விமலசிறி வாங்கிய துண்டின் ஓரத்தில் ஆடாதோடை அடர்ந்து கிடந்தது. சளி, இருமல் என்று யார் வந்து கேட்டாலும், சின்ன வயதில் மூச்சு இழுத்த விமலசிறிக்கும் கூட, பெரியக்கா அங்கே போய்த்தான் இலை பறிப்பார். காணி கைமாறிய பிறகும் பறித்தார். ஆகவே பையன் கோபித்துக்கொண்டு கேட்டைப் போட்டிருக்கிறான். மூலிகையால் வந்த விரோதம். நீதிமன்றம் வரைக்கும் வந்து அதைச் சொல்லிவிட்டான்.

போதாததற்கு, வராந்தாவில் ஓர் இளம் சட்டத்தரணி, "மூலிக மாத்தயா, மூலிக மாத்தயா" என்று எதிர்த்தரப்பு வக்கீலைக் கூப்பிட்டதையும் பெரியக்கா கேட்டிருக்கிறார். ஆகா, ஒரு வைத்தியரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று முடிவு செய்துவிட்டார்.

சாமி முன்னிலையில்

இனித் திரும்பவும் அந்த மழை நாளுக்கு வருவோம்.

நீதிபதி வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசாதவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். எல்லோரும் "சுவாமினி" என்று வணங்கினோம். பெரியக்காவும் கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். சாமி என்று கூப்பிடுகிறபோது அப்படித்தானே கும்பிட வேண்டும்?

மூலிக மாத்தயா எழும்பினார். அன்றைக்கு அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"சுவாமினி, இந்தக் காணி பெரியக்கா என்ற ஒருவருக்கு உரியது. யார் இந்தப் பெரியக்கா? எங்கே இருக்கிறார்? உயிரோடு இருக்கிறாரா? இந்த வழக்கில் அவரைக் கண்டவர் எவருமில்லை. என் கட்சிக்காரரும் அப்படி ஒருவரை அறியமாட்டார்."

எல்லாம் சிங்களத்தில். பெரியக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், ஆனால் நீதிமன்றச் சிங்களம் யாருக்குத்தான் விளங்கும்? அவர் காத்துக்கொண்டிருந்தது ஒரே சொல்லுக்கு.

"ஆகவே எனது மூலிக விரோததாவை..."

பெரியக்கா எழும்பிவிட்டார்.

நான் முன் வரிசையில், முதுகு காட்டிக்கொண்டு, என் பதிலுக்குப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தம் வேறு. ஆடாதோடை வாசம் பக்கத்தால் கடந்து போனபோதுதான் திரும்பிப் பார்த்தேன். அவர் நேரே எதிர்ப்பக்கத்தார் உட்காரும் வாங்குக்குப் போய்விட்டார். அங்கே விமலசிறி, மழைக்கு நெஞ்சு அடைத்து, மூச்சு இழுத்து இழுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இருந்தார். பெரியக்கா பையை அவர் மடியில் வைத்தார்.

"இந்தாடா. பூராம் பறிச்சாந்துட்டேன். இனி அந்தப் பக்கம் கை வைக்கமாட்டேன். விரோதம் வேணாம்."

விமலசிறி துள்ளி எழும்பினார்.

"ஐயோ பெரியக்கா! இங்க வச்சு வேணாங்க! பொறவு குடுங்க பெரியக்கா, போயி ஒக்காருங்க, ஐயா பாக்குறாரு!"

முதலியார், "நிசப்தம்!" என்று கத்தினார். அவர் கத்துவதற்கு முன்பே நிசப்தமாகத்தான் இருந்தது. மூலிக மாத்தயா தூக்கிய கையைக் கீழே இறக்க மறந்து நின்றார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். விமலசிறியை முன்னுக்கு வரச் சொன்னார். அவர் பையோடு வந்தார்.

"இப்போது யாரோடு பேசினீர்கள்?"

விமலசிறி தன் சட்டத்தரணியைப் பார்த்தார். அங்கே உதவி கிடைக்கவில்லை. பெரியக்காவைப் பார்த்தார். அங்கே பார்த்த பிறகு அவரால் பொய் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"பெரியக்காவோடு, சுவாமினி."

"எனக்குத் தமிழ் தெரியாது" என்றார் நீதிபதி. "ஆனால் சில மாதமாக இந்தக் கோப்பில் அந்த ஒரு சொல்லைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கேட்டதும் விளங்கிவிட்டது. இவரை எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"எனக்கு மூக்குச் சிந்தத் தெரியாத வயதிலிருந்து, சுவாமினி. இவர்தான் சிந்திவிட்டவர்."

நீதிமன்றம் சிரிப்பில் அதிர்ந்தது. முதலியார் இந்தமுறை கத்தவில்லை, அவரும் திரும்பி நின்று தோள் குலுங்கிக்கொண்டிருந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். விமலசிறி தன் வாயால் பிழைத்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து வந்ததா வேறெதற்காவது வந்ததா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. நான் இராத்திரி இராத்திரியாக எழுதிவைத்த வாதம் முழுவதும் கையில் அப்படியே இருந்தது. ஒரு வரி கூடப் படிக்கவில்லை. தொழிலில் எனக்கு அவ்வளவு சந்தோசம் தந்த வெற்றி வேறில்லை.

மூலிக மாத்தயா கையைக் கீழே இறக்கினார். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்.

"சுவாமினி, எனது ஆட்சேபனையை மீளப்பெறுகிறேன். என் கட்சிக்காரரே அதற்கு ஆட்சேபனை தெரிவித்துவிட்டார்."

கருப்பாயியும் பெரியக்காவும் ஒரே ஆள் என்பது இருதரப்பும் ஒப்புக்கொண்ட விசயமாகப் பதியப்பட்டது. தேநீர் இடைவேளைக்குள் பேசி முடிக்க முடியுமா பாருங்கள் என்று நீதிபதி எழும்பிப் போனார்.

பிளேன்டீயும் ஒரு கேள்வியும்

கன்டீனில் நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பாலில்லாத பிளேன்டீ வந்தது.

"எலையப் பறிக்கிறேன்னுதானடா கோவம்?" என்றார் பெரியக்கா.

"என்ன எலைங்க?"

"மூலிக விரோதம்னு கோட்டுல சொன்னியே?"

விமலசிறி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மேசையில் தலையை வைத்துச் சிரிக்க, விமலசிறி தேநீர் புரையேறி இருமினார். "மூலிகன்னா மொதல்னு அர்த்தம் பெரியக்கா! மருந்து எல இல்லீங்க!"

மூலிக மாத்தயாவுக்கு நான் சிங்களத்தில் விளக்கினேன். அவர் வடையைக் கையில் பிடித்துக்கொண்டு விக்கி விக்கிச் சிரித்தார். தன்னை வைத்தியர் என்று நினைத்தது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு கேட்டார்:

"எலைக்கு இல்லேன்னா, என்னத்துக்குடா என் வழிய மறிச்ச?"

மூலிக மாத்தயா வடையைக் கீழே வைத்தார். கறுவாக் கன்று, சர்வேயர் படம், லொறிச் சக்கரம் என்று எத்தனையோ காரணம் வழக்கில் எழுதியிருந்தார்கள். அதில் ஒன்றைக்கூட அவர் முகத்துக்கு நேரே விமலசிறியால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கன்னு மிதிபடும்னு..." என்று இழுத்தார்.

"எந்தக் கன்னுடா? ஓரத்துல நிக்கிறதா? அத நான் பேத்து மேல நட்டுத் தாரேன். ஒன்னு பட்டுப்போகாது. ஒன்னயவே பொழைக்க வச்சேன், கறுவா பொழைக்காதா?"

விமலசிறி எழும்பி, வெளியே மழைச்சாரலில் போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "மிஸ், லொறி போற அகலத்துக்கு எழுதிடுங்க" என்றார் என்னிடம். இடைவேளை முடிவதற்குள் இணக்கம் எழுதிக் கையொப்பமாகிவிட்டது. பெரியக்கா மறுபடி பெருவிரலை ஒற்றினார். கீழே இரண்டு பெயரையும் எழுதச் சொல்லி நின்று பார்த்துக்கொண்டார்.

மேட்டில்

முதல் லொறிக் கல்லை விமலசிறிதான் ஏற்றிக்கொண்டு போனாராம். கேட்டைக் கழற்றுவதற்கும் வேறு ஆள் விடவில்லையாம். மகன் திரும்பி வந்தான். சீமெந்தில் பாதி இறுகிப்போயிருந்தது, மீதி போதுமாக இருந்தது. கன்றுகளைப் பெயர்த்து நட்டதில் ஒன்று பட்டுப்போனது என்று விமலசிறி சொன்னார். அது முன்னமே பட்ட கன்று என்று பெரியக்கா சொன்னார். அந்த வழக்கை நான் எடுக்கவில்லை.

பால் காய்ச்சுகிற அன்று என்னால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போனேன். மழை விட்டிருந்தது. பாதையில் லொறித் தடம் இரண்டு, நடுவில் புல். செருப்பு முழுக்கச் செம்மண் சேறு.

மேட்டில் வீடு நின்றது. இரண்டு அறை, ஒரு குசினி, பூசாத சுவர். நீல நிறத்தில் ஒரு கதவு. கதவு சாத்தியிருந்தது.

லயத்துக் காம்பராவுக்குப் போகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவோம். துரைமார் ஆட்களும் அப்படித்தான் வந்தார்கள், எங்கள் சொந்தக்காரர்களும் அப்படித்தான் வந்தார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் கதவைத் தள்ளி, "பெரியக்கா!" என்று ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன்.

"நில்லுங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு அவரே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். பளபளவென்று சிவப்புப் பூசிய புதுச் சீமெந்துத் தரை. அதில் என் ஒற்றைச் செருப்பின் சேறு.

"லோயரம்மாவா இருந்தாலும் சரிங்க. பைப்பு அங்கன இருக்கு. காலக் கழுவிட்டு வாங்க. இது என் வீடு."

சொல்லிவிட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோசமாக ஒருவர் வழிமறித்து நான் பார்த்ததில்லை. என் தொழிலில் எத்தனையோ பூர்வாங்க ஆட்சேபனைகளைப் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பதில் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் பைப்படிக்குப் போய், இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன்.